பள்ளிக்கூடம், டிரஸ்ட் நடத்துறவங்க, வேலை பார்க்குறவங்க: ஸ்ட்ராட்டஜிக் பிளான் (அடுத்த சில வருஷத்துக்கு எது முக்கியம்னு முடிவு பண்ணி எழுதி வைக்கிற திட்டம்) இருந்து / இல்லாம உங்களுக்கு நடந்த அனுபவம்

வாசிப்பு டீச்சர்:

எங்க ஸ்கூல்ல புது ஹெச்எம் வந்தாங்க, வாசிப்பு பீரியட் நின்னுபோச்சு. கதை இவ்ளோதான், ஆனா மனசை விட்டுப் போக மாட்டேங்குது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை இருக்கும், வாசிக்கிற லெவலுக்கு ஏத்த கலர், மாசாமாசம் பக்கத்துல உட்கார வெச்சு வாசிக்கச் சொல்லி கேட்டுட்டு முன்னேறியிருந்தா கலர் மாத்திக் கொடுப்போம். பழைய மேடம் ஆரம்பிச்சது. அவங்க ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வந்தவங்க நல்ல உழைப்பாளி, அதை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன், அவங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் முக்கியம்னு பட்டுச்சு, டைம்டேபிள்ல இடம் வேணும், இந்த பீரியடை எடுத்துட்டாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு கேட்டாங்க, "இது எதுக்காக நடக்குது, என்ன பலன் வந்திருக்கு, கமிட்டி ஒத்துக்கிட்ட பேப்பர் ஏதாவது இருக்கா"ன்னு. நியாயமான கேள்விதான். ஆனா காட்ட ஒரு பேப்பர் கிடையாது. எல்லாமே பழைய மேடம் மனசுக்குள்ளயே இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் வராண்டாவுல மூணாங்கிளாஸ் பையன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு "மிஸ், எனக்கு பச்சை எப்போ?"ன்னு கேட்டான். மஞ்சள்லயே ரொம்ப நாள் தடுமாறி, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, அப்போதான் முழு வாக்கியம் வாசிக்க ஆரம்பிச்சிருந்தான். இனிமே கலரே கிடையாதுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

ஸ்ட்ராட்டஜிக் பிளான்னாலே கம்பெனிக்காரங்க சமாச்சாரம்னு ஒதுக்காதீங்க ப்ளீஸ். யார் போனாலும் யார் வந்தாலும் நிறுத்தக்கூடாதது எது, அது நல்லா நடக்குதுன்னு எதை வெச்சுப் பார்க்குறது, இதை எல்லாரும் சேர்ந்து பேசி எழுதி வெச்சிருந்தா அந்தப் பையனுக்கு பச்சை கிடைச்சிருக்கும்.

கணக்கு பார்க்கிறவன்:

டீச்சரக்கா சொன்னது ஆள் மாறினதால வந்த பிரச்சினை. எங்க டிரஸ்ட்ல யாருமே மாறல, அப்பவும் நின்னுட்டோம். பேங்க்ல நல்ல தொகை இருக்கு, ஸ்டாஃபுக்கு சம்பளம் போட முடியல. வெளியில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஏன்னா இருந்ததெல்லாம் ப்ராஜெக்ட் பணம், இந்த வேலைக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்னு எழுதிக் கொடுத்து வாங்கினது, அதைத் தொட்டா ஆடிட்ல நிக்கும், அடுத்த தடவை அந்த ஃபண்டர், அதான் பணம் கொடுத்தவங்க, திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. ஆபீஸ் வாடகை, கரண்ட், அக்கவுண்ட்ஸ் பார்க்குற ஆளு, டிரைவர், இதுக்கெல்லாம் தனியா பணம்னு யாரும் யோசிக்கவே இல்ல, ஒரு ப்ராஜெக்ட் முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடும்னு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. நான் சேர்ந்ததிலிருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன்.

எங்க டைரக்டர் பாஸ்புக்கைக் கையில வெச்சுக்கிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்ளோ இருக்கேப்பா"ன்னார். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. இருபது வருஷமா ஜனங்களுக்காக ஓடின மனுஷன்.

பொதுவா மூணுலேர்ந்து ஆறு மாசச் செலவுக்கு நிபந்தனை இல்லாத பணம் கையிருப்பு இருக்கணும்னு சொல்லுவாங்க. அது தானா சேராது. அடுத்த மூணு வருஷத்துல எங்கிருந்து எவ்ளோ வரும், எந்த கிராண்ட் எப்போ முடியுது, அதுல நிர்வாகச் செலவுக்கு எவ்ளோ கேட்டு வாங்கணும்னு முன்கூட்டியே போர்டு உட்கார்ந்து பேசினாதான் சேரும். வருஷ பட்ஜெட் அதுக்குப் பத்தாது, அது ஏப்ரல்ல ஆரம்பிச்சா மார்ச்சுல முடிஞ்சுடும்.

நேர்ல பார்த்தவன்:

மன்னிக்கணும், நான் இதுல ஒத்துப்போக மாட்டேன். பிளான் இருந்த இடத்துல வேலை பார்த்தவன் நான். வெளியிலேர்ந்து ஆலோசகர் வந்தாங்க, ரெண்டு நாள் ஹால்ல உட்கார வெச்சாங்க, சுவர் பூரா கலர் கலரா சீட்டு, பலம் பலவீனம் வாய்ப்பு அச்சுறுத்தல்னு நாலு கட்டம். கடைசியில தடிமனா ஒரு ஃபைல் வந்துச்சு, விஷன், மிஷன், எண்ண முடியாத அளவுக்கு இலக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உட்கார்ந்து படிச்சேன். நடுவுல ஒரு பக்கத்துல வேற ஒரு நிறுவனத்தோட பேர் அப்படியே இருந்துச்சு! எங்க ஊழியர்களோட "பலவீனம்"னு போட்டிருந்த பத்தி அந்த நிறுவனத்து ஆளுங்களைப் பத்தினது. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எங்க களப்பணியாளருங்க அந்த ரெண்டு நாளும் வீட்டு வேலை, கள வேலை எல்லாத்தையும் விட்டுட்டு வந்து மனசு திறந்து பேசினவங்க, அவங்க சொன்னதுல ஒரு வரிகூட அதுல இல்ல.

மேனேஜ்மென்ட் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1994-லயே இதைச் சொல்லிட்டார், திட்டம் போடுறது வேற, வியூகமா சிந்திக்கிறது வேறன்னு. டீச்சர், உங்க ஹெச்எம்முக்கு எழுதின பேப்பர் இருந்திருந்தாலும் தூக்கி பீரோவுல வெச்சிருக்க முடியும். உலகமே மாசத்துக்கு ஒரு தடவை மாறுது, அஞ்சு வருஷத்துக்கு எழுதி என்ன ஆகப்போகுது?

வாசிப்பு டீச்சர்:

சார், பீரோவுல வைக்கலாம்தான், ஆனா அதை ஏன் வெச்சீங்கன்னு பெற்றோர் கமிட்டி கேட்க முடியும்ல? ஒண்ணுமே எழுதாதப்போ கேட்கறதுக்கே வழி இல்ல. அடுத்தவங்க பேர் இருந்த ஃபைலைத் திருப்பி அனுப்பாம பாஸ் பண்ணினது உங்க போர்டு. அதுக்கு பிளானைக் குத்தம் சொல்லாதீங்க.

ரிட்டயர்டு நிர்வாகி:

என் அனுபவம் சின்னது. நான் இருந்த பள்ளியில ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, மேல் வகுப்பெல்லாம் நிரம்பி வழிஞ்சதால யாருக்கும் உறைக்கல. புதுக் கட்டிடத்துக்குக் கடன் வாங்கலாம்னு தீர்மானம் போடுற கூட்டத்துல சேர்க்கை ரிஜிஸ்டரை எழுதுற கிளார்க் அம்மா மெதுவா எழுந்து, "சார், கீழ் வகுப்புல பிள்ளைங்க இல்லையே, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த ரூம்ல யார் உட்காருவாங்க?"ன்னு கேட்டாங்க. ஹாலே அமைதியாயிடுச்சு. தீர்மானம் தள்ளிப்போச்சு. அவங்களை அதுக்கு முன்னாடி எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்ல, அன்னைக்கும் ரிஜிஸ்டர் கொண்டுவரத்தான் கூப்பிட்டிருந்தாங்க.

இப்போ இங்க எழுதுற எல்லாருக்கும் சொல்றேன், இதைச் செஞ்சு பாருங்க. முதல்ல கணக்கு. போன வருஷம் ஒண்ணுல இருந்த பிள்ளைகள்ல எத்தனை பேர் இந்த வருஷம் ரெண்டுல இருக்காங்க, ரெண்டுல இருந்தவங்கள்ல எத்தனை பேர் மூணுல, இப்படி வகுப்புவாரியா விகிதம் எடுங்க, நாலஞ்சு வருஷத்து ரிஜிஸ்டர் போதும், சராசரி போட்டு முன்னாடி நகர்த்திக்கிட்டே போனா அடுத்தடுத்த வருஷத்து எண்ணிக்கை ஓரளவு தெரிஞ்சுடும். எத்தனை டீச்சர் வேணும், எத்தனை ரூம் வேணும், ஃபீஸ் வருமானம் எவ்ளோன்னு எல்லாமே அதுல இருந்துதான் வரணும். இதைப் பண்ணாம விஷன் எழுதறது வீண். அடுத்தது, இலக்கு அஞ்சுக்கு மேல வேண்டாம், மூணே இருந்தா இன்னும் நல்லது. "கல்வித் தரத்தை உயர்த்துவோம்"னு எழுதினா அது இலக்கு இல்ல. ஜார்ஜ் டோரன்னு ஒருத்தர் 1981-ல ஸ்மார்ட்னு ஒரு சுருக்கம் கொடுத்தார், இலக்கு குறிப்பா இருக்கணும், அளக்க முடியணும், யார் பொறுப்புன்னு இருக்கணும், நடக்கக்கூடியதா இருக்கணும், எப்போக்குள்ளன்னு இருக்கணும். அதுல எல்லாரும் கோட்டை விடறது மூணாவதுலதான். பேர் போடாம "நிர்வாகம் செய்யும்"னு எழுதுவாங்க, நிர்வாகம்னா யாரு? அப்புறம், ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்துலயே பணம் எவ்ளோன்னு எழுதுங்க, பட்ஜெட்ல இடமில்லாத இலக்கை அன்னைக்கே அடிச்சிடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போர்டு கூட்டத்துல முதல் அஜெண்டாவா அதை வைங்க, கடைசி அஜெண்டாவா வெச்சா எல்லாரும் வாட்ச் பார்ப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துங்க, திருத்தறது அவமானமே இல்ல. எதை நிறுத்தப்போறோம்னு ஒரு பக்கம் தனியா வைங்க. ரொம்பக் கஷ்டமான பக்கம் அதுதான், பழைய தலைவர் ஆரம்பிச்ச விழாவை நிறுத்தலாம்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. கடைசியா, கூட்டத்துக்கு கிளார்க்கையும் வேன் டிரைவரையும் கூப்பிடுங்க.

களப்பணி அக்கா:

சார், அட்வைஸ் நல்லா இருக்கு, ஆனா எங்களை மாதிரி அடுத்தவங்க பணத்துல ஓடுற அமைப்புக்கு இலக்கையே ஃபண்டர்தான் எழுதறாங்க, அதைச் சொல்லுங்க. ஒரு வருஷம் சுகாதாரம், அடுத்த வருஷம் சுய உதவிக் குழு, அதுக்கடுத்த வருஷம் டிஜிட்டல் பயிற்சி. பணம் எதுக்கு வருதோ அதுக்கு ஏத்த மாதிரி நாங்களும் நோக்கத்தை மாத்தி எழுதிக்கிட்டே போனோம். ஒரு வீட்டு வாசல்ல, என்னை ரொம்ப வருஷமா தெரிஞ்ச அம்மா, பாசமாத்தான், உள்ள வா கண்ணுன்னு கூப்பிட்டுட்டு கேட்டாங்க: "இந்த வருஷம் என்ன சொல்லிக்கொடுக்க வந்திருக்க? போன வருஷம் சொன்னதை நாங்க இன்னும் முடிக்கலையே."

எனக்குப் பதில் சொல்ல வரல. அவங்க குழுவுல பாதிப் பேர் அப்போதான் கணக்கு நோட்டு எழுதவே பழகியிருந்தாங்க. இன்னும் ஒரு வருஷம் கூட இருந்திருந்தா தனியா நின்னிருப்பாங்க. அந்த ஒரு வருஷத்துக்கு எங்ககிட்ட பணம் இல்ல, பணம் இருந்தது டிஜிட்டலுக்கு.

நோக்கத்தையே மாத்தக்கூடாதுன்னு நான் சொல்லல. அமெரிக்காவுல 1938-ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போலியோவுக்காக ஒரு அமைப்பு ஆரம்பிச்சார், மார்ச் ஆஃப் டைம்ஸ்னு (டைம்னா அங்க பத்து சென்ட் காசு) பேர் வந்துச்சு. ஜனங்க சின்னச் சின்னக் காசா அனுப்பின பணத்துல ஆராய்ச்சி நடந்து 1955-ல சால்க் தடுப்பூசி பலன் தருதுன்னு அறிவிச்சாங்க. வந்த வேலை பெருமளவுக்கு முடிஞ்சுபோச்சு. அப்போ, இவ்ளோ பெரிய தொண்டர் படையை வெச்சுக்கிட்டு அடுத்து என்னன்னு அவங்க யோசிச்சு 1958-ல குழந்தைகளோட பிறவிக் குறைபாடு பக்கம் திரும்பினாங்க. அதுவும் நோக்கம் மாத்தினதுதான், எங்களதும் நோக்கம் மாத்தினதுதான், ரெண்டும் ஒண்ணா? எடுத்த வேலையில கண்ணுக்குத் தெரியற பலன் வந்தப்புறம் அவங்க திரும்பினாங்க. எங்களை ஃபண்டரோட லெட்டர் திருப்பிச்சு.

கணக்கு பார்க்கிறவன்:

அக்கா, கரெக்ட். ஆனா ஃபண்டர் எல்லாரும் அப்படி இல்ல. எங்களுக்கு அந்த நெருக்கடி முடிஞ்சப்புறம் ரெண்டு பக்கத்துல ஒரு பிளான் எழுதினோம், ரெண்டே பக்கம். ஒரு பெரிய கம்பெனி டேப்லெட் கம்ப்யூட்டர் தர்றோம்னு வந்தாங்க, டைரக்டர் அந்தப் பேப்பரை எடுத்து நீட்டி, "எங்க மூணு வேலையில இது எதுலயும் வரல, இந்த ரெண்டாவது வேலைக்கு ஆள் சம்பளம் தர முடியுமா?"ன்னு கேட்டார். நான் பக்கத்துல பயந்துகிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவங்க அதை எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு ஒரு வருஷச் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்கதான். ஆனா கேட்கறதுக்கு கையில ஒண்ணு இருந்துச்சு.

பள்ளி ஆபீஸ் ஊழியர்:

நேர்ல பார்த்தவன் சார் "உலகமே மாறுது, எதுக்கு எழுதணும்"னு கேட்டதுக்காகவே இதை எழுதறேன். 2020-ல எல்லா ஸ்கூலையும் மூடினாங்கல்ல, உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேல பிள்ளைங்க வீட்டுல உட்கார்ந்தாங்கன்னு யுனெஸ்கோ சொன்னது. எங்க பிளான்ல பெருந்தொற்றுன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா முதல் வரி "படிப்பை நிறுத்திடற நிலைமையில இருக்குற பிள்ளைகளை விட மாட்டோம்"னு இருந்துச்சு, அந்தப் பிள்ளைங்க யார்யாருன்னு வகுப்புவாரியா லிஸ்ட்டும், ஒவ்வொரு பேருக்கும் ஒரு டீச்சரும் ஏற்கெனவே இருந்தாங்க. ஆன்லைன் கிளாஸுக்கு எந்த ஆப் வாங்கலாம்னு எல்லாரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தப்போ எங்க ஹெச்எம் லிஸ்ட்டை என்கிட்ட கொடுத்து "முதல்ல இவங்களுக்கு போன் போடு, ஆப் அப்புறம்"னு சொன்னாங்க. ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி, போன் எடுத்ததும் பேசவே இல்ல, "மிஸ்கிட்ட சொல்லுங்க, புக் எங்கிட்டதான் இருக்கு"ன்னு மட்டும் சொன்னா. அவளுக்குப் பாடத்தைத் தாள்ல எழுதி வீட்டுக்கே அனுப்பினோம். வீட்டுல ஸ்மார்ட்போன் இல்ல, ஆப் வாங்கியிருந்தா அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

நாங்க பிளான்ல எழுதின மத்ததெல்லாம், சயின்ஸ் லேப், ஆண்டு விழா அரங்கம், அந்த வருஷம் ஒண்ணுமே நடக்கல. அதைப் பத்தி யாரும் வருத்தப்படவும் இல்ல, அடுத்த கூட்டத்துல தேதியை மாத்திக்கிட்டோம். சார், உங்க அமைப்புல அந்த மாசம் எது முதல்ல, எது அப்புறம்னு யார் முடிவு பண்ணினாங்க, எதை வெச்சுப் பண்ணினாங்க? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்கறேன், எழுதுங்க.