புதுப்பிப்பு: விஎம் டூல்களின் விளக்கத்தில் விட்டுப்போனவை

ஏஐ ஏஜென்ட்கள் விர்ச்சுவல் மெஷின்களை (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) இயக்கும் டூல்களுக்கு ஆவணம் எழுதுவது பற்றிய முந்தைய பதிவில் பெயர், பாராமீட்டர் வரை பார்த்தோம். பாக்கி இருப்பது, கட்டளை உண்மையில் என்ன செய்கிறது என்பது.

விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்வர்ட்டில் ‘டெஸ்ட்ராய்’ என்றால் மெஷினின் கரன்ட்டைப் பிடுங்குவதுதான்; டிஸ்க் அப்படியே இருக்கும். ‘அன்டிஃபைன்’தான் மெஷினின் வரையறையை நீக்கும், கூடவே ‘ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ்’ கொடுத்தால் டிஸ்க்கும் போச்சு. பெயரை மட்டும் பார்க்கிற மாடல் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும். டூலுக்கு ‘ஃபோர்ஸ்_பவர்_ஆஃப்’ என்று பெயர் வைத்து, முதல் வரியிலேயே “டிஸ்க் அழியாது, சேமிக்காத டேட்டா போகும்” என்று எழுதுங்கள்.

‘ஷட்டவுன்’ இதைவிட வில்லங்கம். வழக்கமாக ஏசிபிஐ சிக்னலை (பவர் பட்டனை அழுத்தியது போல, ‘அணைந்துகொள்’ என்ற கோரிக்கையை) அனுப்பியதும் கட்டளை திரும்பிவிடும். உள்ளே இருக்கும் ஓஎஸ் கண்டுகொள்ளாமலே போகலாம். ஏஜென்டோ வேலை முடிந்ததென்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் டிஸ்க்கைக் காப்பி எடுக்கப் போய்விடும். காப்பி பாழ். அதனால் விளக்கத்தில் இப்படி இருக்கட்டும்: “5 விநாடிக்கு ஒருமுறை நிலையைக் கேள். 120 விநாடியில் ‘ஷட் ஆஃப்’ வராவிட்டால் பயனரிடம் சொல். நீயாக ஃபோர்ஸ் செய்யாதே.”

அலகு: லிப்வர்ட்டின் கட்டளைவரி டூலான விர்ஷில், மெமரி அளவை மாற்றும் ‘செட்மெம்’ வெறும் எண்ணைக் கிபிபைட்டாக (1024 பைட்) எடுக்கும். 4096 என்றால் 4 ஜிபி அல்ல, 4 எம்பி! பாராமீட்டர் பெயரிலேயே அலகைச் சேருங்கள்.

ஏஐ மாடல்களை டூல்களோடு இணைக்கும் நெறிமுறையான எம்சிபியில், ‘இந்த டூல் எதையாவது அழிக்கலாம்’ என்று சொல்லும் ‘டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட்’ வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது. பார்க்க மட்டுமான டூல்களுக்கு லிப்வர்ட்டின் ரீட்-ஒன்லி இணைப்பையே கொடுங்கள்.