‘மிலிட்டரி ஆக்குபேஷன்’: ஆக்கிரமிப்பா, கட்டுப்பாடா, வேறா?

ந.:
அன்பர்களுக்கு வணக்கம். இளங்கலை மாணவர்களுக்காக அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1861 நவம்பர் 7 அன்று வடக்கின் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயலைப் பிடித்தது. பருத்தித் தோட்ட முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். அடிமைகளாக இருந்தவர்கள், ஏறத்தாழ பத்தாயிரம் பேர், அங்குள்ள தீவுகளிலேயே நின்றுவிட்டார்கள். போர் முடியும்வரை அங்கே படையின் நிர்வாகம்தான். இதை ‘இராணுவ ஆக்கிரமிப்பு’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். “பொறம்போக்குல வீடு கட்டிட்டாங்களா சார்?” என்கிறான் ஒரு பையன். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

மு.:
ஆக்கிரமிப்பு வடசொல், போனதே நல்லது. தொல்காப்பியர் என்றோ சொல்லிவிட்டார்: ‘எஞ்சா மண்நசை வேந்தனை வேந்தன் அஞ்சுதகத் தலைச்சென்று அடல்குறித் தன்றே.’ மண்ணாசை காரணமாக வேந்தன்மேல் வேந்தன் படையெடுப்பது வஞ்சித் திணை. ஆகவே ‘வஞ்சியாட்சி’. கடலோரம் என்பதால் இன்னும் நுட்பமாகவும் போகலாம். கடல்நிலமான நெய்தலுக்குப் புறன், நேருக்குநேர் போரிடும் தும்பை. ‘தும்பைநிலம்’ என்றால் கடலும் போரும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

அ.:
ஐயா, வஞ்சியாட்சி என்றால் வஞ்சிக்கிற ஆட்சி என்றுதான் பையன்கள் படிப்பார்கள். கொஞ்சம் படித்தவன் சேரர் தலைநகர் வஞ்சி எது, கரூரா கொடுங்கல்லூரா என்று கேட்பான்.

சொல்லை விடுங்கள், பொருளே இடிக்கிறது. மண்நசை என்பது பிறர் மண் மேல் வருவது. தென் மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டுப் போகவே இல்லை என்பது லிங்கனின் நிலைப்பாடு. அவர் கணக்கில் அது சொந்த மண். ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினால் தெற்கின் வழக்கை நாமே வாதாடியதாகும்.

‘ஆட்சி’யும் ஒத்துவராது. 1862 மே 9 அன்று தளபதி ஹண்டர் தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா மூன்றிலும் அடிமைகள் விடுதலை என்று ஆணை போட்டார். பத்தே நாளில் லிங்கன் அதை ரத்து செய்துவிட்டார். நிலமும் தளபதி கையில் இல்லை. நேரடி வரி கட்டவில்லை என்று தோட்டங்களை எடுத்துக்கொண்டு 1863 மார்ச்சில் ஏலம் விட்டவர்கள் வரி ஆணையர்கள். பருத்தி கருவூலத்துறைக்கு. படை காவல் நின்றது, ஆட்களுக்குப் பொறுப்பேற்றது. ‘நிர்வாகம்’ என்பதே போதும்.

க. (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் சனம் ‘ஆமிக் கட்டுப்பாட்டுப் பகுதி’ எண்டு சொல்லும். பேப்பரில ‘இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி’ எண்டு வரும். விளங்காத ஆள் இல்லை. தும்பையைத் தேடி ஏன் போறியள்?

மு.:
ஊர்க்கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு என்றெல்லாம் வழங்கும் சொல்லைப் போருக்குத் தருவதா? நிற்க. வஞ்சி கரூரே. புகழூர்க் கல்வெட்டைப் பார்த்தவர் ஐயுறமாட்டார். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

அ.:
தனி மடலிலேயே எழுதுங்கள் ஐயா!

க. அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரே குறை. கட்டுப்பாடு என்றால் வேலியும் சோதனைச் சாவடியும்தான் தெரிகிறது. அந்தத் தீவுகளில் நடந்தது அதைவிடப் பெரிது. 1862இல் ரூஃபஸ் சாக்ஸ்டன் என்ற தளபதி படை ஆளுநராக வந்தார். தோட்ட வேலை, கூலி, பள்ளிக்கூடம், கறுப்பினப் படைக்கு ஆள்சேர்ப்பு எல்லாம் அவர் தலையில். 1865 ஜனவரி 16இல் வடக்கின் தளபதி ஷெர்மன் போட்ட ஆணைப்படி குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஜான்சன் அதில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். உழுது விதைத்தவர்கள் கையில் பட்டா இல்லை.

ஆகவே ‘வசம்’. வீடு வங்கி வசம், நகை போலீஸ் வசம் என்கிறோமே, அந்த வசம். கையில் இருக்கிறது, யாருடையது என்பது தீரவில்லை. ‘இராணுவ வச நிர்வாகம்’.

க.:
இது நல்லாயிருக்கு. ஆனா ‘வச நிர்வாகம்’ வாய்க்குள்ள நிக்குதில்லை. ‘இராணுவ வசமிருந்த பகுதி’ எண்டு எழுதுங்கோ.

மு.:
வசமும் வடசொல்லே. நிர்வாகமும் அப்படியே. மூன்று சொல்லில் ‘இருந்த’ ஒன்றுதான் தமிழ் போலும்.

ந.:
பகுதியும் தமிழ்தான் ஐயா, பகு என்னும் வேரிலிருந்து வந்தது. நேரமில்லை, ‘இராணுவ வசமிருந்த கடலோரப் பகுதி’ என்றே அனுப்புகிறேன். ‘சாக்ஸ்டன், படை ஆளுநர்’ என்றும் போடுகிறேன், வெறும் ஆளுநர் என்றால் ராஜ்பவன் நினைவு வரும். ஒன்றுதான் பாக்கி: ‘பிரவோஸ்ட் மார்ஷல்’. போக்குவரத்துக்குச் சீட்டு கொடுப்பவர், விசுவாசப் பிரமாணம் வாங்குபவர், குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் சிப்பாயைப் பிடித்து அடைப்பவர்.

க.:
பாஸ் குடுக்கிற ஆமிக்காரர்.

அ.:
படைக் காவல் அதிகாரி.

மு.:
தண்டநாயகம். சோழர் கல்வெட்டில் உள்ளது. ‘வசம்’ குறித்த என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.