நட்ஸ், பால், எள் இல்லாத வீகன் புரோட்டீன் பார்: ரெண்டு நாள்ல கல்லாயிடுது, எங்க தப்பு பண்றேன்?

ஒரே_டப்பா:
எல்லாருக்கும் வணக்கம், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க ப்ளீஸ். பையனுக்கு 8 வயசு, வேர்க்கடலை, முந்திரி, பால், எள் நாலும் அலர்ஜி, டெஸ்ட் எடுத்து டாக்டர் உறுதி பண்ணினது. பெரியவளுக்கு 16, ஒரு வருஷமா முழு வீகன் (பால், முட்டை, தேன்னு விலங்குலேர்ந்து வர்ற எதையும் சாப்பிட மாட்டா), சாயங்காலம் ஓட்டப்பயிற்சி முடிச்சுட்டு வீட்டுக்குள்ள வரும்போதே பசி பசின்னு தான் வருவா. கடைல இருக்கற வீகன் பார் எதை எடுத்தாலும் பாதாம் இல்லாட்டி முந்திரி பேஸ்ட்ல தான் ஆரம்பிக்குது, ரெண்டும் இல்லாம ஒண்ணு கிடைச்சா பின்னாடி பொடி எழுத்துல எள் கலந்திருக்கலாம்னு போட்டிருக்கான். ஆளுக்கொரு டப்பா செஞ்சு வெச்சா என்னைக்காவது ஒரு நாள் இவன் கை அக்கா டப்பாக்குள்ள போயிடுமோன்னு எனக்கு பயம், அதனால ரெண்டு பேரும் சாப்பிடற மாதிரி ஒரே பார் வேணும்.

மூணு தடவை செஞ்சு பார்த்தேன். முதல் தடவை ஓட்ஸ், சூரியகாந்தி விதை, மேப்பிள் சிரப், கத்தி வெச்சதும் உதிர்ந்து போச்சு. ரெண்டாவது பேரீச்சம்பழம் 200 கிராம், பட்டாணி புரோட்டீன் பவுடர் 150 கிராம், தேங்காய் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், அன்னைக்கு ராத்திரி அல்வா மாதிரி இருந்துச்சு, மூணாம் நாள் பொண்ணு கடிச்சுட்டு பல்லு வலிக்குதுன்னா. மூணாவது சூரியகாந்தி விதை பட்டர், ஓட்ஸ், கொஞ்சம் சமையல் சோடா போட்டு ஓவன்ல வெச்சேன், ருசி நல்லா இருந்துச்சு, ஆனா மறுநாள் வெட்டினா உள்ள பச்சை பச்சையா இருக்கு, பூஞ்சைன்னு பயந்து மொத்தத்தையும் கொட்டிட்டேன். என்ன மாத்தணும்? ஒரு பார்ல 10 கிராம் புரோட்டீனாவது வருமா?

அடுப்படி_லேப்:
மொதல்ல அந்த பச்சை. அது பூஞ்சை இல்லைங்க, கொட்டியிருக்கவே வேணாம். சூரியகாந்தி விதைல குளோரோஜெனிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, சமையல் சோடா மாதிரி காரம் கூட சேர்ந்தா ஆறும்போது பச்சையாகும். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. சோடாவ குறைச்சுட்டு ஒரு டீஸ்பூன் எலுமிச்சை சாறு விட்டா வராது, இல்லாட்டி பேக் பண்ணாம ஃப்ரிட்ஜ்ல செட் பண்ற பாரா செஞ்சுடுங்க, சோடாவே தேவையில்ல.

அடுத்தது கல். 150 கிராம் பவுடர் தான் முக்கிய காரணம். பட்டாணி புரோட்டீன் தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும், நீங்க பிசைஞ்சு முடிச்சதோட அது நிக்காது. ராத்திரி முழுக்க பேரீச்சம்பழத்துல இருக்கற ஈரத்த மெதுவா இழுத்துக்கும், அதனால தான் அன்னைக்கு அல்வா, மூணாம் நாள் செங்கல். போதாததுக்கு தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைஞ்சுடும், ஃப்ரிட்ஜ்ல வெச்சா அதுவும் சேர்ந்து கெட்டியாக்கும். கம்பெனிக்காரங்க இதுக்குன்னே கிளிசரின் சேர்க்கறாங்க, வீட்ல அதெல்லாம் வேணாம், பவுடர மூணுல ஒரு பங்குக்கு கீழ இறக்குங்க, குறையற புரோட்டீன விதைலேர்ந்து எடுங்க. பூசணி விதைல 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 30 கிராம் புரோட்டீன் இருக்கு, சூரியகாந்தில 20. விதைல கொழுப்பும் சேர்ந்தே வர்றதால பார் மெத்துனு நிக்கும்.

பனித்துளி77:
அக்கா என் ஃப்ரெண்ட் வீட்ல பாதாம் பட்டர் போட்டு தான் செய்வாங்க செம்ம சாஃப்டா வரும், உங்க லிஸ்ட்ல பாதாம் இல்லையே அப்போ போடலாம்ல? இன்னொன்னு, நல்லா வறுத்துட்டா அலர்ஜி பண்ற சமாச்சாரம் போயிடும்னு எங்கயோ படிச்சேன், எள்ளுக்கும் அது சரி வருமா

விதைக்காரி:
பனித்துளி, நல்ல மனசோட சொல்றீங்கன்னு புரியுது, ஆனா ரெண்டாவது விஷயத்த யாரும் நம்பி செஞ்சுடாதீங்க. வறுத்தா போகாது. வேர்க்கடலைய எண்ணெய் இல்லாம அதிக சூட்டுல வறுத்தா அலர்ஜி தன்மை கூடத்தான் செய்யுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு, எள்ளுலயும் வறுக்கறதால அந்த புரோட்டீன் காணாம போயிடாது. பாதாம் விஷயம், டாக்டர் குறிப்பா பாதாம டெஸ்ட் பண்ணி சரின்னு சொல்லியிருந்தா ஒழிய வேணாம். முந்திரி அலர்ஜி உள்ளவங்களுக்கு பிஸ்தாவும் ஒத்துக்காம போறது ரொம்ப சகஜம், ரெண்டும் ஒரே குடும்பம். பாதாம் வேற குடும்பம் தான், ஆனா உரிச்சு பாக்கெட் போடற இடத்துல எல்லா நட்ஸும் ஒரே மெஷின்ல தான் பெரும்பாலும் ஓடும்.

ஒரே டப்பா, என் பொண்ணுக்கும் வேர்க்கடலையும் முந்திரியும் ஆகாது, 6 வருஷமா இதே பார் வேலைய பாத்துட்டு இருக்கேன், அதனால செய்முறைக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பட்டாணி புரோட்டீன் பவுடர் பையனுக்கு டாக்டர்ட்ட கேட்டுட்டு தான் குடுத்தீங்களா? வேர்க்கடலை நட்டே இல்ல, பருப்பு வகை, பட்டாணியும் அதே குடும்பம். பெரும்பாலானவங்களுக்கு பட்டாணி ஒண்ணும் பண்ணாது, ஆனா சிலருக்கு பண்ணுது, பவுடர்ல அது செறிவா இருக்கு, வேகவெச்ச பட்டாணி ஒரு கரண்டி சாப்பிடறதும் இதுவும் ஒண்ணில்ல. லூபின் மாவுன்னு ஒண்ணு, அதுவும் இதே பருப்பு குடும்பம் தான், வீகன் மிக்ஸ்லயும் குளூட்டன் இல்லாத மாவுலயும் வரும், வேர்க்கடலை அலர்ஜிக்காரங்களுக்கு அது பட்டாணிய விட மோசம், பாக்கெட்ல அந்த பேர் இருந்தா அப்படியே வெச்சுடுங்க. அப்புறம் வீகன்னு போட்டிருந்தா பால் அலர்ஜிக்கு சேஃப்னு அர்த்தம் கிடையாது, வீகன் வேற அலர்ஜி வேற. டார்க் சாக்லேட் தான் இதுல பெரிய பொறி, பொருள் பட்டியல்ல பாலே இருக்காது, ஆனா மில்க் சாக்லேட் ஓடின அதே லைன்ல ஓடியிருக்கும்.

ஒரே_டப்பா:
நன்றி விதைக்காரி, தப்பால்லாம் எடுத்துக்கல. பட்டாணி, சூரியகாந்தி, பூசணி மூணும் அவனுக்கு ஒத்துக்குது, பவுடர் பத்தி மட்டும் நான் தனியா கேக்கல, நாளைக்கே ஃபோன் பண்றேன். செய்முறை சொல்லுங்க, சூரியகாந்தி பட்டர் வெளில வாங்கினதுல எள் எச்சரிக்கை இருக்கறதால வீட்லயே அரைக்கணும்னு இருக்கேன். எங்க மிக்சில முன்னாடி வேர்க்கடலை சட்னி அரைச்சிருக்கோம், கழுவினா போதுமா?

விதைக்காரி:
மிக்சிலேர்ந்தே ஆரம்பிப்போம். ஜார சோப்பு போட்டு கழுவினா போயிடும், ஆனா மூடில இருக்கற ரப்பர் வளையத்தயும் பிளேடுக்கு அடியில இருக்கற வாஷரையும் கழட்டி கழுவலன்னா அதுக்குள்ள பழசு உக்காந்திருக்கும். கழட்ட வராத ஜாருன்னா அத இந்த வேலைக்கு எடுக்காதீங்க. மரக்கரண்டி, மரப்பலகை ரெண்டும் புதுசா இருக்கட்டும், மரம் உறிஞ்சி வெச்சுக்கும். கைக்கு சோப்பும் தண்ணியும் தான், சானிடைசர் கிருமிய கொல்லும், கடலை புரோட்டீன அது எடுக்காது.

பட்டருக்கு தோல் இல்லாத சூரியகாந்தி விதைய 160 டிகிரில 12லேர்ந்து 15 நிமிஷம், லேசா நிறம் மாறி வாசனை வர வரைக்கும் வறுத்து, சூடு ஆறறதுக்குள்ள அரைங்க. மொதல்ல மாவாகும், அப்புறம் ஜார் ஓரத்துல ஈர மண்ணு மாதிரி ஒட்டும், இங்க தான் எல்லாரும் வரலன்னு விட்டுடறாங்க, விடாதீங்க, மிக்சிக்கு நடுநடுவுல ரெஸ்ட் குடுத்து வழிச்சு வழிச்சு விட்டு ஓட்டினா 10, 15 நிமிஷத்துல அதுவே எண்ணெய் விட்டு இளகும். தண்ணி மட்டும் விட்டுடாதீங்க, விட்டா இறுகிடும்.

அளவு: சூரியகாந்தி பட்டர் 120 கிராம், பூசணி விதை 100 கிராம், ஓட்ஸ் 80, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 150, பட்டாணி பவுடர் 40, சியா ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு தாராளமா ரெண்டு சிட்டிகை. உப்ப குறைக்காதீங்க, பட்டாணி பவுடரோட மண்வாசனைய அடக்கறது உப்பும் கோகோவும் தான், கோகோ பிடிக்கும்னா 2 டேபிள்ஸ்பூன், அதுலயும் பால் எச்சரிக்கை இருக்கான்னு பாத்துக்கங்க. பேரீச்சம்பழத்த 10 நிமிஷம் வெந்நீர்ல ஊறவெச்சு அரைங்க, ஊறின தண்ணிய கொட்டாதீங்க. பாதி பூசணி விதைய பொடியாக்கிட்டு மீதிய ஒண்ணு ரெண்டா உடைச்சு போடுங்க. எல்லாம் கலந்த பிறகு கடைசில பவுடர், ஒரு ஒரு கரண்டியா, நடுநடுவுல அந்த ஊறின தண்ணி 2, 3 ஸ்பூன். கைல ஒட்டுதே இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டா உருட்ட வருமேன்னு தோணும் பாருங்க, அந்த இடத்துல நிறுத்திடுங்க. இன்னைக்கு ஒட்டற மாவு தான் நாளைக்கு பார். ட்ரேல பேக்கிங் பேப்பர் விரிச்சு கொட்டி, மேல இன்னொரு பேப்பர் வெச்சு டம்ளர் அடியால அழுத்துங்க, உங்க மொத தடவை உதிர்ந்ததுக்கு பாதி காரணம் அழுத்தாம விட்டது தான்னு நெனக்கறேன். 2 மணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம் வெட்டுங்க.

அடுப்படி_லேப்:
விதைக்காரி சொன்ன அளவ கணக்கு போட்டு பாத்தேன். பூசணி 30, பட்டர் 24, பவுடர் 32, ஓட்ஸ் 10, பேரீச்சையும் சியாவும் சேர்த்து 5, மொத்தம் 101 கிராம் பக்கம் வருது. 10 துண்டா வெட்டினா ஒண்ணுல 10 கிராம் பக்கம் புரோட்டீன், அதுவும் வெறும் 40 கிராம் பவுடர்ல. பட்டாணில மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம் (புரோட்டீனோட கட்டுமானப் பொருள்ல ஒண்ணு) கம்மி, பூசணி விதைல அது நல்லாவே இருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டிக்கும். பையனுக்கு முழு துண்டு தேவையில்ல, பாதி போதும், 150 கிராம் பேரீச்சைல சர்க்கரை மட்டுமே 100 கிராம் கிட்ட இருக்கு.

கோதுமை_ஆகாது:
நடுவுல வர்றேன், சீலியாக், அதாவது கோதுமைல இருக்கற குளூட்டன்ங்கற புரோட்டீன் ஆகாத நோய், உள்ளவங்க இத படிச்சுட்டு செய்யறதுன்னா ஓட்ஸ்ல கவனம். ஓட்ஸ் தனியா பெரும்பாலானவங்களுக்கு பிரச்சினை இல்ல, ஆனா வயல்லயும் மில்லுலயும் கோதுமை கலந்துடும். குளூட்டன் ஃப்ரீன்னு போட்டது மட்டும் வாங்குங்க, அதுக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த ஓட்ஸும் ஒத்துக்காத சில பேர்ல நானும் ஒருத்தி, நான் ஓட்ஸுக்கு பதிலா அரிசிப் பொரி போட்டுக்கறேன், புரோட்டீன் கொஞ்சம் குறையும் ஆனா மொறுமொறுன்னு இருக்கும்.

ஒரே_டப்பா:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், சொல்லாம போக மனசு வரல. பவுடர் விஷயம் டாக்டர்ட்ட கேட்டேன், நல்லவேளை கேட்டேன், அவங்க கண்ணு முன்னாடியே கிளினிக்ல வெச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்து பாத்தாங்க, ஒண்ணும் ஆகல. அதுக்கு அப்புறம் தான் செஞ்சேன். பட்டர் அரைக்கும்போது அந்த ஈர மண்ணு கட்டம் வந்துச்சு, நீங்க சொல்லலன்னா சத்தியமா நிறுத்தியிருப்பேன், 13 நிமிஷம் ஆச்சு இளக. மாவு கைல ஒட்டினதும் பவுடர் டப்பாவ மூடி மேல் ஷெல்ஃப்ல வெச்சுட்டேன். இன்னைக்கு அஞ்சாம் நாள், இப்ப தான் ஒரு துண்டு எடுத்து வளைச்சேன், உடையாம வளையுது. பொண்ணு ஓடிட்டு வந்து நின்னுக்கிட்டே ரெண்டு சாப்பிட்டா. பையன் கேட்டான், அம்மா இது அக்காவோடதா என்னோடதான்னு, ரெண்டு பேரோடதும்னு சொன்னதுக்கு அவன் முகத்துல வந்த சந்தோஷத்த எனக்கு எழுத தெரியல. இதுவரைக்கும் எங்க வீட்ல அக்கா சாப்பிடற எதையும் அவன் கேக்காம தொட்டதில்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். எத்தனை நாள் தாங்கும்? ஸ்கூலுக்கு குடுத்து விடலாமா?

விதைக்காரி:
கடைசி வரிய படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு.

ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம், காத்து போகாத டப்பால. ஃப்ரீசர்ல 3 மாசம், துண்டு துண்டா பேப்பர் சுத்தி வெச்சா காலைல எடுத்து பைல போட்டா இடைவேளைக்குள்ள இளகிடும். விதை எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடிக்கும், பெயிண்ட் மாதிரி ஒரு வாடை வந்தா தூக்கி போட்டுடுங்க. ஸ்கூலுக்கு தாராளமா குடுங்க, ஆனா சூரியகாந்தி பட்டர் பாக்க அச்சு அசல் வேர்க்கடலை பட்டர் மாதிரியே இருக்கும், ஒரு தடவை டீச்சர் பயந்து போய் என் பொண்ணுகிட்டேர்ந்து வாங்கி வெச்சுட்டாங்க, அவங்க செஞ்சது சரி தான். அதுலேர்ந்து டப்பா மூடில பொருள் பேரெல்லாம் எழுதி ஒட்டிடறேன், முன்கூட்டியே அவங்ககிட்டயும் சொல்லிடறேன். பக்கத்துல இருக்கற குழந்தைக்கு விதை அலர்ஜி இருக்கலாம், அதனால பகிர்ந்து சாப்பிட வேணாம்னும் சொல்லி அனுப்புங்க. அவனோட எபிநெஃப்ரின் ஊசி பேனா (கடுமையான அலர்ஜி வந்தா உடனே போடற மருந்து) எந்த பைல இருக்குன்னு டீச்சருக்கு தெரியணும், இந்த பார் குடுத்தாலும் சரி குடுக்காட்டியும் சரி.

பனித்துளி77:
வறுத்தா போயிடும்னு சொன்னதுக்கு சாரி அக்கா, எனக்கு நெஜமாவே தெரியல. அந்த ஃப்ரெண்ட் வீட்லயும் சின்ன குழந்தை இருக்கு, அவங்களுக்கு இந்த த்ரெட்ட அனுப்பிட்டேன்.