இங்கிலாந்துப் பழைய வீடுகள்: காலத்தைக் கீறலில காட்டுறது எப்பிடி?

கேள்வி (கிளிநொச்சி): சித்திர வகுப்புக்கு டியூடர், ஜோர்ஜியன், விக்டோரியன் எண்ட மூண்டு காலத்து வீட்டு முகப்புகளை ஏ3 தாளில கீறுறன். மூண்டும் ஒரே வீடு மாதிரித்தான் தெரியுது. எங்க பிழை?

பதில் 1: யன்னல்தான் அண்ணை. டியூடருக்கு (1485–1603) ஈயப்பட்டியில கோர்த்த சின்னச் சாய்சதுரக் கண்ணாடிகள். ஜோர்ஜியனுக்கு (1714–1830) மேலும் கீழும் வழுக்கிற இரண்டு சட்டம், சட்டத்துக்கு 6 கண்ணாடி. விக்டோரியனில (1837–1901) பெரிய கண்ணாடி மலிஞ்சிட்டுது. சட்டத்துக்கு ஒண்டு இரண்டு போதும், முன்னுக்குத் தள்ளின யன்னல் மாடமும் வைய்யுங்கோ. 1:50 அளவில 6 மீற்றர் முகப்பு 12 சென்ரிமீற்றர். மூண்டும் பக்கம் பக்கமாக் கொள்ளும்.

பதில் 2: டியூடர் வீட்டுச் சுவரில தெரியிற மரச்சட்டத்துக்குக் கறுப்பு அடிக்காதேங்கோ. அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம் பெரும்பாலும் விக்டோரியன் காலத்து மோகம். பூசாத ஓக் மரம், வெயில் மழையில கிடந்த பாலை வளை மாதிரிச் சாம்பலாப் போகும். மேல்மாடி முன்னுக்குத் தள்ளி நிக்கிறது நேர்முகப்பில தெரியாது. அதுக்குக் கீழ நிழல்பட்டை போட்டாத்தான் விளங்கும்.

பதில் 3: செங்கல்லை முழுக்கக் கீறினா சுவர் கறுத்துப் போகும். 1:50இல ஒரு கல்வரிசையின்ர உயரம் சுமார் 1.5 மில்லிமீற்றர்தான். மூலைகளில மட்டும் கொஞ்சம், ஜோர்ஜியனெண்டா ஒரே வரிசையில நீளக்கல் (நீளப்பக்கம் தெரியிறது), தலைக்கல் (சின்ன முனை தெரியிறது) மாறி மாறி. சில வீடுகளில கல் வைச்சு அடைச்ச யன்னலும் இருக்கும். 1696–1851இல யன்னலுக்கு அறவிட்ட வரி அதுக்கு ஒரு காரணம். எல்லாப் பழியையும் அந்த வரியில போடாதேங்கோ, சிலது சமச்சீருக்காகவே கட்டின பொய் யன்னல்.