மறு: ‘எடிட்’ – தொகுப்பதா, திருத்துவதா?

அனைவருக்கும் வணக்கம்.

‘எடிட்’ பொத்தானுக்குத் ‘தொகு’ போதும், தமிழ் விக்கிப்பீடியாவிலேயே பழகிவிட்டது என்று குழுவில் ஐயா ஒருவர் முன்மடலில் எழுதியிருந்தார். பழகிய சொல்லை அசைக்க எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

‘எடிட்’டின் வேர் இலத்தீன் ‘ஏடெரே’. அதில் ‘ஏ’ என்பது வெளியே, ‘தாரே’ என்பது கொடுத்தல். இரண்டும் சேர்ந்து வெளியிடுதல். உரோமில் கிளாடியேட்டர் போட்டிகளை ஏற்பாடு செய்து மக்களுக்கு அளித்தவரையும் ‘எடிட்டோர்’ என்றார்கள். பிரெஞ்சில் இன்றும் அச்சொல்லின் வழிவந்தது பதிப்பகத்தாரைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் ‘எடிட்டர்’ முந்தியது. ‘எடிட்’ என்ற வினை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தலைகாட்டுகிறது. செப்பம் செய்தல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது.

நம் ‘பதிப்பி’யிலும் இந்த இரண்டும் உண்டு. 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்றால் அச்சேற்றியதை மட்டுமா சொல்கிறோம்? சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த உழைப்பும் அதற்குள் இருக்கிறது.

‘தொகு’ வேறு வேலை. கூடலூர் கிழார் ஐங்குறுநூற்றைத் தொகுத்தார். பாடல்களைத் திரட்டிக் கோத்தார். காட்சித் துண்டுகளைக் கோப்பதால் சினிமாவில் ‘படத்தொகுப்பு’ அழகாகப் பொருந்துகிறது. ஒரு கட்டுரையில் ஒற்றுப்பிழையைச் சரிசெய்பவர் எதைத் தொகுக்கிறார்? தொல்காப்பியம் வழிநூலுக்கு, அதாவது முன்னைய நூலைப் பின்பற்றி எழுதும் நூலுக்கு, சொல்லும் ‘தொகுத்தல்’ சுருக்குவது என்று வாதிடலாம்தான். அங்கேயே ‘விரித்தல்’ தனியாகவும் இரண்டும் சேர்ந்த ‘தொகைவிரி’ தனியாகவும் நிற்கின்றன. ஆகவே சுருக்குவதை மட்டும் சொல்லும் ‘தொகு’ எல்லா மாற்றத்துக்கும் போதாது.

என் பரிந்துரை ‘திருத்து’. தவறு இருந்தால்தானே திருத்த வேண்டும் என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் முடி திருத்துகிறோம். முடியில் என்ன தவறு? காடு திருத்திக் கழனியாக்கினார்கள். சங்கப் பாடல்களின் ‘திருந்திழை’ பிழை நீக்கிய நகையல்ல, செம்மையாகச் செய்த நகை. பிழை களைவது அந்தச் சொல்லின் ஒரு மூலை மட்டுமே. ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் அதன் முழு வீடு.

ஆகவே ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். பழைய நூலைப் பதிப்பிப்போம், படத்தைத் தொகுப்போம், உரையைத் திருத்துவோம்.

உரையைத் திருத்தும் மென்பொருளுக்கு ‘உரைதிருத்தி’ என்று வைக்கலாமா? ‘திருத்தி’ வினையெச்சமாகவும் ஒலிப்பதால் பிரித்து எழுதினால் குழம்பும். சேர்த்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்