கச்சேரிக்கு, பயணத்துக்கு, தொட்டிலுக்கு: ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸ் அனுபவப் பகிர்வு

பேருந்தில் பாட்டு கேட்கவும் வீட்டில் உட்கார்ந்து கச்சேரி கேட்கவும் ஒரே செட்டிங்ஸ் சரிப்படாது. ஸ்பாட்டிஃபை பாட்டு ஆப்பில் எதற்கு எப்படி அமைக்கிறீர்கள் என்று எண்களோடு எழுதுங்கள். பயணத்தில் தொடங்குகிறேன்.

முதலில் டேட்டா கணக்கு. ஒலித்தரம் 'லோ' என்றால் 24 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்), மணிக்கு ஏறத்தாழ 11 எம்பி. 'நார்மல்' 96, அதாவது 43 எம்பி. 'ஹை' 160, 72 எம்பி. 'வெரி ஹை' 320, 144 எம்பி. 'ஆட்டோமேட்டிக்'கில் விட்டால், சிக்னல் மங்கும் இடத்தில் தரத்தைத் தானாகவே இறக்கிவிடும். அதனால் மலைப்பாதைக்கும் இரவு ரயிலுக்கும் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்வதுதான் வழி. 5 நிமிடப் பாட்டு 160-ல் சுமார் 6 எம்பி, 500 பாட்டு 3 ஜிபி. இறக்கிய பிறகு ஏரோபிளேன் மோடு போட்டு, பட்டியலின் கடைசிப் பாட்டை ஓட்டிப் பாருங்கள். அது ஓடவில்லை என்றால் இறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆப் இணையத்தைத் தொட வேண்டும், இல்லையென்றால் இறக்கியவை பூட்டிக்கொள்ளும். ஆப்பை அழித்து மறுபடி போட்டால் எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டும்.

———

பாட்டு பாதியில் நிற்பதற்கு எப்போதும் சிக்னலே காரணமல்ல. பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு, திரை அணைந்த சில நிமிடங்களில் ஆப்பை மூடிவிடுகிறது. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

———

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு நான்கு விஷயம். இதைக் கவனிக்காமல்தான் பலர் 'ஆப்பில் கச்சேரி சுகப்படவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

கிராஸ்ஃபேடை 0-வில் வையுங்கள். 12 நொடி வரை போகும் அந்த வசதி ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கிறது. சினிமாப் பாட்டில் அது தெரியாது. ஒரு கட்டை சுருதியில் பாடும் வித்வானின் தம்புரா மேல் ஐந்து கட்டையில் பாடும் விதுஷியின் தம்புரா ஏறினால் காது கூசும். கேப்லெஸ் மட்டும் இருக்கட்டும். ஆலாபனை, தானம், பல்லவி, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் என்று தனித்தனி டிராக்காக வெட்டிய பதிவுகள் இடைவெளியில்லாமல் ஓட அது அவசியம்.

ஷஃபிள் கூடாது. வரிசை கெடும் என்பது ஒரு காரணம்தான். ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ஆப்பின் நார்மலைசேஷன் வசதி ஒலியளவை ஆல்பம் முழுவதற்கும் சேர்த்துச் சமன் செய்கிறது. ஷஃபிளில் ஒவ்வொரு டிராக்கையும் தனியாகச் சமன் செய்கிறது. அப்போது மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். பாடகர் வைத்த ஏற்ற இறக்கம் போய்விடும்.

நார்மலைசேஷனில் 'லவுட்' வேண்டாம். அதில் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் வேலை செய்யும், மிருதங்கத்தின் சாப்பு என்ற அடி மழுங்கும்.

தரம் 160-க்குக் கீழே இறங்க வேண்டாம். 24-ல் முதலில் போவது மேல் அதிர்வெண்கள். தம்புராவில் ஜீவாளி (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) எழுப்பும் ரீங்காரம் அங்கேதான் இருக்கிறது.

———

சேர்ந்து பாடிப் பழகுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பழைய டேப், இசைத்தட்டுப் பதிவுகளில் வேகம் சற்றுப் பிசகியிருந்தால் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். சுருதிப் பெட்டி ஆப்பில் நுண்திருத்தத்தை நகர்த்திப் பதிவோடு சேருங்கள். பதிவு பிசகியிருக்கும்போது தொண்டையைக் குறை சொல்லாதீர்கள். தேடலிலும் ஒரு சிக்கல் உண்டு: 'ழ'வை ஒருவர் ஆங்கிலத்தில் 'எல்' என்பார், இன்னொருவர் 'இசட் ஹெச்' என்பார். கிருதியின் பெயர் கிடைக்காவிட்டால் பாடகர் பெயரோடு ராகத்தைச் சேர்த்துத் தேடுங்கள்.

———

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு: தாலாட்டையும் மழைச் சத்தத்தையும் ஒரு வாரம் ஓட்டினால் உங்களுக்கு வரும் பரிந்துரை எல்லாம் அதுவாகவே ஆகிவிடும். அந்தப் பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளியைத் தொட்டு, ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் தேர்வை அழுத்துங்கள். பிரைவேட் செஷன் தானாக முடிந்துவிடும் என்பதால் தினசரிக்கு அதை நம்ப முடியாது. ஸ்லீப் டைமர் 30 அல்லது 45 நிமிடம் போதும். போனைத் தொட்டிலில் வைக்கவே கூடாது. 7 அடியாவது தள்ளி, மெதுவாகப் பேசும் அளவுக்கு மேல் போகாத சத்தத்தில் வையுங்கள், பச்சிளம் காது.

———

கடைக்காரர்கள் கவனிக்க: தனிநபர் சந்தா சொந்தக் கேட்புக்கு மட்டும். கடையில், ஓட்டலில் ஒலிபரப்பத் தனி உரிமம் வேண்டும். ஒலிப்பதிவு உரிமைக்கு பிபிஎல், பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற அமைப்புகளிடம் வாங்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு நிலை வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் சேர்த்து விலக்குத் தருகிறது. மண்டபத்தில் உரிமம் எங்கே என்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லலாம். ஆனால் அது சட்டத்தின் விலக்கு. ஆப்பின் ஒப்பந்த விதி அதனால் மாறாது.

மண்டபத்தில் ஓட்டும்போது ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டியல் முடிந்ததும் முகூர்த்த நேரத்தில் ஏதோ சோகப் பாட்டு வந்து நிற்கும். டவுன்லோட் செய்த பட்டியல், ஏரோபிளேன் மோடு, மிக்ஸருக்கு வயர். அழைப்பு வந்து நாதஸ்வரம் நின்று ரிங்டோன் ஒலிக்காது.