உதவி: மேட்டூர் நிலவரத் திரை வைத்தும் "தண்ணி எப்ப வரும்" என்றே கேட்கிறார்கள்

பாமணிக்கரை:
வணக்கம். கோட்டூர்ப் பக்கம் ஓர் உரக்கடை வாசலில் பழைய டிவியை மாட்டி, மேட்டூர், கல்லணை நிலவரம் ஓடும்படி ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறேன். போனிலும் திறக்கும். காலை 8 மணி நிலவரத்தை நானே ஏற்றுகிறேன். நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு நான்குக்கும் முள் வைத்த வட்டங்கள். நடுவில் அணைப் படம், மட்டம் ஏற ஏற நீலம் ஏறும். கறுப்புப் பின்னணி, குறைவு என்றால் சிவப்பு, போதும் என்றால் பச்சை.

ஆனால் டிவிக்குக் கீழேயே நின்றுகொண்டு கடைக்காரரிடம் "தண்ணி எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள். மட்டம் 60 அடியில் இருந்தபோது ஒரு பெரியவர், "பாதி அணை கெடக்குதே, நாத்து விட என்ன யோசனை?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா, அடியோடு மாற்ற வேண்டுமா?

வெண்ணாறு_வடக்கு:
பெரியவர் மேல் தப்பில்லை தம்பி, படம் அப்படித்தான் சொல்கிறது. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 60 அடியில் 46 இருக்காது, சுமார் 25தான் இருக்கும். 100 அடியில் ஏறக்குறைய 64. அடியில் குறுகல், மேலே போகப் போக அகலம், அதனால் மேலே உள்ள ஓர் அடிக்குத்தான் தண்ணீர் அதிகம். நீலத்தை அடிக் கணக்கில் ஏற்றினால் பாதி என்று தெரியும், டிஎம்சி கணக்கில் ஏற்றினால் கால்வாசிக்குச் சற்று மேல். படத்தை இருப்புக்கு மாற்றுங்கள். அடியை எண்ணாக மட்டும் பக்கத்தில் போடுங்கள், நம் ஆட்கள் அடியில்தான் பேசுவார்கள்.

டிஎம்சியை நாளாகவும் மாற்றிக் காட்டலாம். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. 10,000 கன அடி திறந்தால் நாளுக்கு 0.86 டிஎம்சி போகும். குடிநீருக்கு நிறுத்தும் அளவைக் கழித்துவிட்டு, "வரத்து இல்லையென்றால் இத்தனை நாள்" என்று ஒரே வரி. அணையை வழித்துத் துடைக்க முடியாது, ஆகவே கழிக்காமல் போடாதீர்கள்.

எழுத்தாணி:
வட்டங்களைத் தூக்கிவிடுங்கள் சார். காரில் வேகம் நொடிக்கு நொடி மாறும், அங்கே முள் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தரம் மாறும் எண்ணுக்கு முள் எதற்கு? ஒரு பெரிய எண், பக்கத்தில் "நேற்றைவிட 0.4 அடி குறைவு" என்று எழுத்தில் போதும்.

சிவப்பு, பச்சை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் ஆண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், பலர் வெளியில் சொல்வதில்லை. நிறம் இருக்கட்டும், கூடவே "குறைவு", "போதும்" என்ற சொல்லும் இருக்கட்டும். வாசலில் வெயில் அடிக்குமே, கறுப்புப் பின்னணியில் எதிர்வீட்டு ஓட்டுச் சாய்ப்புதான் தெரியும். வெள்ளையில் கறுப்பு எழுத்து வையுங்கள். வலைப்பக்கங்களுக்கான அணுகல் நெறி எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. வெயிலில் அது போதாது.

பாமணிக்கரை:
நன்றி அண்ணே, நன்றி சார். அப்புறம் ஒன்று. எண்களைக் குறைத்தால் விவசாயிகள் சங்கத்தார் விடமாட்டார்கள், கல்லணையில் நாலு ஆறு, கால்வாய்க்கும் எவ்வளவு பிரிகிறது என்று கேட்பார்கள். இன்னொன்று, "எப்ப வரும்" என்பதற்குத் தேதி போட எனக்குப் பயம். முறை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் விட ஆரம்பித்தால் எல்லாமே மாறிவிடும்.

வெண்ணாறு_வடக்கு:
காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நாலையும் கீழே சின்ன அட்டவணையாக வையுங்கள். தேடுகிறவர் தேடிப் பார்த்துக்கொள்வார்.

தேதி போடவே வேண்டாம். தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டுங்கள். ஒரு கோடு: மேட்டூர், முக்கொம்பு, கல்லணை, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு (வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடம்), உங்கள் வாய்க்கால் மதகு. வந்து சேர்ந்த இடம் வரை தடித்த நீலம், மிச்சம் மெல்லிய கோடு. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்குச் சுமார் 3 நாள் என்பது எல்லோருக்கும் தெரியும், மிச்சத்தை அவர்களே கணக்குப் போடுவார்கள். தலைப்பில் பாமணியாற்றுக்குத் திறந்தாயிற்றா என்பதை மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். எந்த இணையதளத்தை விடவும் அது நம்பகம்.

கடைமடை_64:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். போனில் 06/12 என்று வருகிறது. மேட்டூர் திறப்பு நாளான ஜூன் 12 என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள், எங்களுக்கு அது டிசம்பர் 6. மாதத்தை எழுத்தில் போடுங்கள். வரத்து 120,000 என்று இருந்தது, எத்தனை சைபர் என்று எண்ண வேண்டியிருக்கிறது. 1,20,000 என்றால் பார்த்தவுடன் லட்சம்.

எழுத்தாணி:
மொழி அமைப்பை "தமிழ், இந்தியா" என்று கொடுத்து எண்ணை அச்சிட்டால் காற்புள்ளி சரியான இடத்தில் விழும், கையால் போட வேண்டாம்.

பாமணிக்கரை:
மாற்றிவிட்டேன். கோட்டுக்கு முன்னால் இப்போது ஆள் நிற்கிறது! ஆனால் புதுக் கேள்வி: "இது இன்னிக்குப் போட்டதா, நேத்தா?" நான் மன்னார்குடி போகிற நாளில் ஏற்ற முடிவதில்லை.

எழுத்தாணி:
தேதியை மூலையில் ஒளிக்காமல் எண்ணுக்கு மேலேயே வையுங்கள். இன்றைய நிலவரம் ஏறவில்லை என்றால் எண் தானாகச் சாம்பல் நிறமாகி, "நேற்றைய அளவு, இன்று இன்னும் வரவில்லை" என்று வர வேண்டும். இரண்டு நாள் ஆகிவிட்டால் எண்ணையே எடுத்துவிடுங்கள். பழைய எண்ணை நம்பி ஒருவர் நாற்றுப் பறித்துவிடக் கூடாது.

பாமணிக்கரை:
சரி சார். கடைசியாக ஒன்று, "நீடாமங்கலம் மூணாறு தலைப்பு" போனில் மூன்று வரியாக உடைகிறது. எழுத்தைச் சிறிதாக்கட்டுமா?

வெண்ணாறு_வடக்கு:
சிறிதாக்காதீர்கள். "மூணாறு தலைப்பு" என்று மட்டும் போடுங்கள், உங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது?